மணவாளக்குறிச்சி மணல்: நூறாண்டு அரசுப் பிடி

2025 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் என்று சட்டம் பட்டியலிட்டிருப்பவற்றைத் தோண்டும் திட்டங்களுக்கு இனிமேல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. குத்தகைப் பரப்பு சிறிதோ பெரிதோ, கோப்பு நேராக டெல்லிக்குப் போகும். பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த விலக்கு தரப்பட்டது. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்துக்கு மேல் எதிர்க்கேள்வி கேட்க நம் ஊரில் யாரும் துணிவதில்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், கொடுத்தவர்களுக்கும் தெரியும்.

இந்தத் தாளால் உடனடியாகப் பாதிக்கப்படும் ஊர்களில் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் தாலுகாவும் ஒன்று. கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய கிராமங்களில் 1,144 ஹெக்டேர், அதாவது சுமார் 2,827 ஏக்கர் பரப்பில் தாது மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகத்தில் கருத்துக்கேட்பு என்று அறிவித்தார்கள். கடற்கரை ஊர்கள் கொதித்தன. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அப்படித் தள்ளிவைத்த கூட்டத்தை நடத்தவே வேண்டாம் என்று சொல்ல, ஓராண்டுக்குள் ஒரு தாள் கிடைத்துவிட்டது.

சுற்றுச்சூழல் கோணத்தில் இதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நான் லிபர்டேரியன் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஒருவனுடைய உடம்பும் உழைப்பும் நிலமும் அவனுடையவை. பிறர் அதில் கை வைக்காமல் காப்பதற்குத்தான் அரசு. அந்த அரசின் கைதான் எல்லாக் கைகளிலும் நீளமானது, ஆகவே அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இவ்வளவுதான் அந்தக் கொள்கை. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய கூட்டம் கிடையாது. 1959-இல் ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கி, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று காங்கிரஸ் ஆட்சியைச் சாடியபோது கொஞ்சம் காது கொடுத்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். பங்குத்தந்தையரும் கம்யூனிஸ்ட் தோழர்களும் உட்கார்ந்திருக்கும் போராட்டப் பந்தலில் சொத்துரிமை பேசுகிற ஒருவன் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். இந்த மணலின் நூறாண்டுக் கதையை எடுத்துப் பார்த்தால், ஒரு போரைக் காட்டி எடுத்த அதிகாரம் அந்தப் போர் முடிந்ததும் நிலத்துக்காரனிடம் திரும்பி வந்ததே இல்லை என்று தெரிகிறது. அடுத்த ஆட்சியின் கைக்குத்தான் மாறியிருக்கிறது.

மணலில் என்ன இருக்கிறது

தென்மேற்குப் பருவம் கடல் அடித்து ஓய்ந்தபின் சின்னவிளை, பெரியவிளை, கடியபட்டணம் பக்கம் கரையில் நடந்தால் வெள்ளை மணல்மேல் கறுப்பு வரிகள் கிடக்கும். ஒரு வலுவான காந்தத்தை அதில் இழுத்தால் மீசை முளைத்த மாதிரி கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அது இல்மனைட். வெள்ளைப் பெயிண்டுக்கு நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு அதிலிருந்துதான் வருகிறது. காந்தத்தில் ஒட்டாமல் கையில் மிஞ்சுவதில் ரூட்டைலும் சிர்கானும் இருக்கும். சிர்கான் டைல்ஸ், செராமிக் தொழிலுக்குப் போகிறது. சிவப்பாகத் தெரிவது கார்னெட், உப்புத்தாள் சரக்கு. இவற்றோடு மஞ்சள் பழுப்பாக, கனமாக, கொஞ்சமே கொஞ்சம் கலந்திருப்பதுதான் மோனசைட். அதில் காந்தம், மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய அருமண் தனிமங்களும், அணு எரிபொருளாக மாற்றக்கூடிய தோரியமும் உண்டு.

ஆலையில் இதைப் பிரிப்பதும் இதே அடிப்படையில்தான். எது காந்தத்துக்கு இழுபடும், எது மின்சாரத்தைக் கடத்தும், எது கனம் என்று பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக எந்திரங்களில் விட்டுப் பிரிக்கிறார்கள். இதே கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் உள்ள ஐ.ஆர்.இ.எல். அருமணல் ஆலையின் ஆண்டுத் திறன் என்று நிறுவனம் சொல்லும் கணக்கு இது: இல்மனைட் 90,000 டன், சிர்கான் 10,000 டன், கார்னெட் 10,000 டன், ரூட்டைல் 3,500 டன், மோனசைட் 3,000 டன்.

இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நூற்றில் மூன்று பங்குகூட வராத மோனசைட்டுக்காக, பெயிண்டுக்கும் டைல்ஸுக்கும் உப்புத்தாளுக்கும் போகிற மீதி 97 பங்கும் அணுசக்தித் துறையின் கையில் இருக்கிறது. ஒரு துளி இரகசியத்தைக் காட்டி ஒரு கடற்கரையையே பூட்டி வைக்கலாம் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் போர்: விளக்கு வெளிச்சத்துக்காக

திருவிதாங்கூருக்கு ஏகபோகம் புதிதல்ல. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மா, மிளகு வியாபாரத்தை சர்க்கார் ஏகபோகமாக்கினார். டச்சு ஏகபோகம் உடைந்ததைத்தான் நாம் பாடப்புத்தகத்தில் கொண்டாடுகிறோம். மிளகு விளைவித்தவனுக்கு வாங்குகிறவன் முன்பும் ஒருவன்தான், பின்பும் ஒருவன்தான்.

மோனசைட்டின் கதை கயிற்றில் ஒட்டிக்கொண்டு தொடங்கியது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டார். அன்றைக்கு அதற்கு நல்ல கிராக்கி. ஆஸ்திரியாவின் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த வாயு விளக்கு மேண்டில், 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்தது. நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் அதே வம்சம்தான். தோரியத்துக்காக ஷோம்பர்க் இங்கே வந்து 1910 வாக்கில் மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். பிறகு கொல்லம் பக்கத்துச் சவறாவில் இன்னொன்று.

இந்த நான்கைந்து வருடம்தான் இந்த மணல் சாதாரணச் சரக்காக இருந்த காலம். அதற்குள் 1914 வந்துவிட்டது. ஜெர்மன் உளவாளி என்று குற்றம் சாட்டி ஷோம்பர்க்கைக் கைது செய்தார்கள். ஆலைகள் மூடப்பட்டு, பிறகு லண்டனில் தொடங்கப்பட்ட ஒரு கம்பெனியின் கைக்குப் போயின. எதிரி நாட்டான் சொத்து என்ற ஒரு சொல்லுக்குக் கீழே இது முடிந்தது. 1918-இல் போர் ஓய்ந்தது. ஆலை லண்டன் கையிலேயே இருந்தது.

திவானும் டெல்லியும் வாஷிங்டனும்

1945-இல் ஹிரோஷிமா. அதற்குப் பிறகு தோரியம் விளக்குத் திரிக்கான பொருளாக இல்லை, அணுப் பொருளாகிவிட்டது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். மோனசைட் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார், பிரிட்டிஷ் அரசோடு பேரம் பேசி ஒப்பந்தம் போட்டார். 1947 ஜூன் 11-இல், வெள்ளைக்காரர் போனபின் திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தபோது, அவர் மடியில் இருந்த பெரிய துருப்புச் சீட்டுகளில் ஒன்று இந்த மணல். ஜூலை 25-இல் அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். சீட்டு டெல்லியின் மடிக்குப் போனது.

டெல்லி உடனே அதற்கு ஒரு பெட்டி செய்தது. 1948-இல் அணுசக்திச் சட்டம். 1950 ஆகஸ்ட் 18-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம், இன்றைய ஐ.ஆர்.இ.எல். முதல் ஆலை ஆலுவாயில்.

அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். 1951-இல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் கோதுமை கேட்டோம். 19 கோடி டாலர் கடனில் 20 இலட்சம் டன் தானியம் தரும் சட்டம் அந்த ஜூனில் நிறைவேறியது. அதற்கு முன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வி, கோதுமைக்குப் பதிலாக மோனசைட் வருமா என்பது. கொரியாவில் அவர்களுக்குப் போர் நடந்துகொண்டிருந்தது. அணு ஆயுதத்துக்கு உதவும் பொருளை நிபந்தனையாக வைத்தால் ஏற்கமாட்டோம் என்று நேரு மறுத்தார்.

இரண்டு வருடம் கழித்து, 1953-இல், இந்தியன் ரேர் எர்த்ஸ் ஏறக்குறைய ஒரு டன் தோரியம் நைட்ரேட்டை ஒரு போலந்துக் கப்பலில் சீனாவுக்கு அனுப்பியது. அமெரிக்காவில் பேட்டில் சட்டம் என்று ஒன்று இருந்தது: கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இத்தகைய சரக்கை விற்கும் நாட்டுக்கு உதவி நிறுத்தப்படும். ஒரு டன் பொடிக்காக இரண்டு அரசுகள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டன. கடைசியில் அமெரிக்காவே இந்தியத் தோரியம் நைட்ரேட்டை வாங்கிக்கொள்வது என்று சமாதானமானது. எதிரிக்குப் போகக்கூடாது என்பதற்காகத் தானே வாங்கி வைத்துக்கொள்ளும் வியாபாரத்தை அரசாங்கம் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள்; சொந்தப் பணமாக இருந்தால் மனசு வராது.

இந்தக் காட்சியில் நேருவைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. வல்லரசுக்குப் பணியவில்லை, சரிதான். ஆனால் மணவாளக்குறிச்சியில் நின்று பார்த்தால் வாஷிங்டனும் டெல்லியும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. கோதுமையைக் காட்டி மணலைக் கேட்டது ஒன்று. மணலைக் காட்டித் தன் இறையாண்மையை நிரூபித்தது மற்றொன்று. மணல் கிடந்த ஊரில் ஒருவரையும் இரண்டும் கேட்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் அப்போது வேறு சண்டையில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1954 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அணுசக்தித் துறை என்ற தனித் துறை உருவானது. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 11-இல், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. சுட்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அவர் பதவி விலக வேண்டும் என்று சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார், அவர் விலகவில்லை. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மக்கள் மாநிலம் மாறினார்கள். மணல் எங்கும் மாறவில்லை, அது ஏற்கெனவே டெல்லியில் இருந்தது.

சட்டம் என்ன சொன்னது

1962-இன் அணுசக்திச் சட்டத்தை எடுத்து வாசித்தால் ஒரு விஷயம் கண்ணில் குத்தும். பத்தாவது பிரிவு கனிமம் தோண்டும் உரிமையைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் தந்தது. பதினொன்றாவது பிரிவு பொருளையும் ஆலையையும் கட்டாயமாக எடுக்க. பதினெட்டாவது பிரிவு தகவலை வெளியிடத் தடை போட. எடுப்பதற்கு இரண்டு, வாய்மூட ஒன்று. 1963-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் முழு மத்திய அரசு நிறுவனமானது. மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் இருந்த தனியார் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது.

2013-இன் நிலம் எடுப்புச் சட்டம் வந்தபோது இனி மக்கள் சம்மதம் இல்லாமல் நிலம் எடுக்க முடியாது என்று கொண்டாடினார்கள். அதை உள்ளே போய்ப் படித்தவர்கள் குறைவு. தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் சம்மதிக்க வேண்டும். அரசு-தனியார் கூட்டுத் திட்டமானால் 70 சதவீதம். அரசு தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்தால் சம்மதமே தேவையில்லை. யார் கையில் போலீஸ் இருக்கிறதோ அவரிடம்தான் சம்மதம் அதிகம் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் தலைகீழாக நிற்கிறது. போதாததற்கு, இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாத 13 மத்தியச் சட்டங்கள் என்று நான்காம் அட்டவணையில் ஒரு பட்டியல். அதில் 1962-இன் அணுசக்திச் சட்டமும் இருந்தது.

இப்போது பறிபோன கருத்துக்கேட்பும் அப்படியொன்றும் பெரிய ஆயுதமல்ல. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கலெக்டரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்குவார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்று கணக்கு கிடையாது. மக்கள் பேசுவதைப் பதிவு செய்து மேலே அனுப்புவார்கள். ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் அது ஒரு கருத்து, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதில் எப்போதுமே இருந்ததில்லை. இருந்தது முறையிடும் இடம். அதையும் எடுத்துவிட்டார்கள். அப்போது தமிழக முதல்வராக இருந்த ஸ்டாலின் குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. அவர் கேட்டதும் அந்த முறையிடும் இடத்தைத்தான்.

தனியார் வந்த காலம்

இங்கேதான் என்னைப் போன்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "தனியார், தனியார் என்கிறீர்களே, தனியார் வந்து என்ன ஆனது?"

நியாயமான கேள்வி. 1998-இல் மத்திய அரசு கடற்கரை மணல் கனிமங்களில் தனியாரை அனுமதித்தது. 2007 முதல் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் முதலியவை அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி கரைகளில் நடந்த சட்டவிரோத மணல் அள்ளலை நாடே பார்த்தது. 2013-இல் தமிழக அரசு தடை போட்டது, ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஆய்வு நடந்தது. 2018-இல் ஏற்றுமதி முழுவதும் ஐ.ஆர்.இ.எல். வழியாகத்தான் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2019-இல் விதியை மாற்றித் தனியார் குத்தகைகளுக்கு முடிவு கட்டியது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கம்பெனிகளிடம் 5,832 கோடி ரூபாயை வசூலிக்கச் சொல்லி, அரசியல்வாதி-அதிகாரி கூட்டையும் சேர்த்து சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்றது.

அதைச் சந்தை என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். கரை யாருடையது? வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு. அரசுக்குச் சொந்தம். அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக வலை காயப்போட்டவனிடம் எந்தக் கம்பெனியும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. சென்னையில் ஒரு கையெழுத்து, டெல்லியில் ஒரு கையெழுத்து போதும். விற்றவன் பொருளின் சொந்தக்காரன் இல்லை, வாங்கியவன் சொந்தக்காரனைப் பார்த்ததே இல்லை. அதிகாரிகளும் கூட்டு என்பது நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. லைசென்ஸ் கொடுப்பவனும் கண்காணிப்பவனும் ஒரே ஆளாக இருந்தால் லைசென்ஸ் வாங்கியவன் யாரைக் கவனிப்பான்? ஊரையா, ஆபீசையா? ராஜாஜி சொன்ன ராஜ்யம் சாகவில்லை, கடற்கரையில் குடியேறியிருந்தது. அதற்கு மருந்தாக அரசு செய்தது, இரண்டு கையெழுத்தை ஒன்றாக்கியது.

கரையின் சொந்தக்காரன்

கரமடி என்ற கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். வள்ளத்தில் வலையை ஏற்றி, கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, கடலில் அரைவட்டம் அடித்துத் திரும்பி, மறு நுனியைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு நுனியிலும் இரண்டு வரிசை ஆட்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். வலை வந்து சேரும் இடத்தில் பள்ளமோ கல்லோ இருக்கக்கூடாது. அவ்வளவு நீளக் கரை வெறுமையாக வேண்டும். ஒரு வலை உள்ளே கிடக்கும்போது இன்னொருவன் குறுக்கே போடக்கூடாது. யாருக்கு எப்போது முறை என்பதை ஊர் தீர்மானிக்கும். தாசில்தார் இல்லை, கெஜட் இல்லை. மீன் ஏலமும் குத்தகையும் பங்குக் கோயிலும் ஊர்க் கமிட்டியும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு. (அந்தக் கமிட்டிகளும் சொக்கத் தங்கமல்ல. ஊர்விலக்கு வைப்பதில் கெட்டிக்காரர்கள். சின்ன அரசும் அரசுதான். ஆனால் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போகலாம். கமிட்டித் தலைவரை நேரில் பார்த்துத் திட்டலாம்.)

இது சொத்துரிமை இல்லையென்றால் வேறு எது? உபயோகம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, முறை இருக்கிறது, மீறினால் அபராதம் இருக்கிறது. ஒரு பட்டாத்தாள்தான் இல்லை. தாள் கொடுக்க வேண்டியவன், தாள் இல்லாததைக் காட்டியே நிலத்தைத் தனதென்கிறான்.

கரையை விட்டு உள்ளே வந்தால் புரையிடமும் தென்னை விளையும், அதாவது வீட்டு மனையும் தோப்பும். பத்து சென்ட், இருபது சென்ட் என்று துண்டு துண்டாகக் கிடக்கும், பட்டா உள்ள நிலம். அடிமண் யாருக்கு என்பதில் 2013-இல் உச்ச நீதிமன்றம் மலபார் நிலக்காரர்கள் வழக்கில் நல்ல தீர்ப்பு ஒன்று தந்தது: நிலத்தடிக் கனிமம் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, சட்டப்படி பறிக்கப்படாத வரை அது மேல்நிலக்காரனுடையதே. ஆனால் 1957-இன் கனிமச் சட்டம் இருக்கும்வரை தோண்டும் அனுமதி அரசிடம்தான். மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று 2015-இல் ஒன்று வந்தது. ராயல்டியின் ஒரு பகுதி அதில் சேரும். அதற்கும் தலைவர் கலெக்டர்தான். நிலத்துக்காரன் தன் பங்குக்காகவும் மனு எழுத வேண்டும்.

இதே ஊர்கள் இதற்குமுன் துறைமுகத்தையும் பார்த்தவை. 2016 ஜூலையில் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. நாற்பது கிலோமீட்டருக்குள் விழிஞ்ஞத்தில் அதே வேலைக்கு ஒரு துறைமுகம் ஏற்கெனவே கட்டத் தொடங்கியிருந்தார்கள். எதிர்ப்பு வரவும் திட்டத்தைக் கன்னியாகுமரி ஊருக்கு அருகே உள்ள கோவளம்-கீழமணக்குடி பக்கம் தள்ளினார்கள், அங்கும் எதிர்ப்பு, பிறகு பேச்சு ஓய்ந்தது. தன் காசைப் போடுகிறவன் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்திருப்பான்.

எதிர்வாதங்கள்

தோரியத்தைத் தனியாரிடமும் நிலத்துக்காரனிடமும் விட முடியுமா என்பார்கள். தோரியம் தானாக வெடிக்கும் பொருளல்ல. உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்றினால்தான் அணுப் பிளவுக்கு ஆகும். பிரித்தெடுத்த மோனசைட்டை எங்கே வைக்க வேண்டும், யாருக்கு விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கட்டும். அதற்காக நிலத்தின் சம்மதத்தை ஏன் எடுக்க வேண்டும்?

நாட்டுக்கு எரிசக்தி வேண்டாமா என்பது அடுத்தது. ஹோமி பாபா மூன்று கட்ட அணுமின் திட்டத்தை வகுத்தது 1950-களில். மூன்றாம் கட்டம்தான் தோரியம். இரண்டாம் கட்டத்தின் முதல் பெரிய உலை, கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலை, 2004-இல் கட்டத் தொடங்கி 2024 மார்ச்சில்தான் எரிபொருள் நிரப்பும் நிலைக்கு வந்தது. தோரியத்திலிருந்து கிடைத்த எரிபொருளில் ஓடும் காமினி உலை அங்கேயே இருக்கிறது. அதன் திறன் 30 கிலோவாட், ஆராய்ச்சிக்கு மட்டும். அருமண் இருப்பில் உலகின் முதல் ஐந்து நாடுகளில் நாம் இருக்கிறோம். உலக உற்பத்தியில் நம் பங்கு ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. எழுபது வருட ஏகபோகத்தின் மதிப்பெண் பட்டியல் இது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவோடு வரிச்சண்டையில் சீனா அருமண் ஏற்றுமதியை இறுக்கியதும் எல்லோருக்கும் திடீரென்று பதற்றம். ஜப்பானுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை நிறுத்தச் சொல்லி ஐ.ஆர்.இ.எல்.-லுக்கு டெல்லி சொன்னதாக ஜூனில் செய்தி வந்தது. சீனா செய்தால் மிரட்டல், நாம் செய்தால் பாதுகாப்பு. விற்கிறவனும் வாங்குகிறவனும் கணக்குப் பார்த்து நடந்துகொண்டிருந்தால் போர்ப் பேச்சு குறையும் என்ற எளிய விஷயம் எந்தத் தலைநகரத்திலும் எடுபடுவதில்லை. அதே ஜூனில் இஸ்ரேல்-ஈரான் போர். ஈரான் படகுகளில் கூலிக்கு மீன்பிடிக்கப் போன குமரி மாவட்டத்து ஆட்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஊரில் கரையைப் பாதுகாப்புக்கு என்று கேட்கிறார்கள், பிழைக்கப் போன கரையில் யாரோ ஒருவரின் பாதுகாப்புக்காகக் குண்டு விழுகிறது.

கதிர்வீச்சு பற்றி இரண்டு தரப்பும் உரக்கப் பேசுகின்றன. மோனசைட்டை எடுத்தால் கரையில் கதிர்வீச்சு குறையும் என்பது நிறுவனத்தின் வாதம். தோண்டிக் கிளறுவதால் புற்றுநோய் கூடுகிறது என்பது ஊரின் அச்சம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருடம் தொடர்ந்த ஆய்வு, 2009-இல், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. இயற்கைக் கதிர்வீச்சின் கணக்கு அது, தோண்டுவதன் கணக்கு அல்ல. என் நிலைப்பாடு இந்த விவாதத்தை நம்பி இல்லை. தன் விளையைத் தர மறுப்பவன் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றாலே போதும்.

ஒருத்தன் மறுத்தால் எல்லாம் நின்றுபோகுமே என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. ரோட்டுக்கும் ரயிலுக்கும் அது உண்மையான சிக்கல், நடுவில் ஒரு துண்டு விட்டுப் போக முடியாது. மணலுக்கு அப்படி இல்லை. தருகிறவன் நிலத்தில் தோண்டலாம், தராதவன் நிலத்தைச் சுற்றிப் போகலாம். அண்டை நிலம் சரியாமல் இடைவெளி விட வேண்டும், நிலத்தடி நீர் உப்பானால் இழப்பீடு கொடுக்க வேண்டும், இவையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதக்கூடியவை. விலை கூடும். கூடட்டும். கட்டாயம் இருந்ததால்தான் இத்தனை காலம் அது மலிவாகத் தெரிந்தது.

இப்போதைய நிலை

கிள்ளியூர் மக்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அதிகமில்லை. கருத்துக்கேட்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், திட்டம் டெல்லியில் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் முன் போக வேண்டும். கரையோரப் பகுதிக்குக் கடலோர ஒழுங்குமுறை அனுமதி தனி. இந்தக் கட்டத்தில் எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புவதை யாரும் தடுக்க முடியாது. சர்வே எண்ணோடு, பட்டா நகலோடு, இத்தனை சென்ட், என் சம்மதம் இல்லை என்று ஒவ்வொரு நிலக்காரரும் தனித்தனியாக அனுப்புவது ஒரே மனுவில் பத்தாயிரம் கையெழுத்தைவிட மேல் என்று நான் நினைக்கிறேன். கூட்ட மனு கருத்து என்று கணக்காகும், தனி மனு உரிமைக் கோரிக்கையாகக் கோப்பில் ஏறும். கரமடிக் கரைகளுக்குப் பட்டா இல்லை என்பதால், எந்தக் கரையில் யார் எந்த முறையில் வலை போடுகிறார்கள் என்பதை ஊர்க் கமிட்டிகள் வரைபடத்தோடு எழுதி வைப்பது நல்லது. பங்குக் கோயில்களின் பழைய குத்தகைக் கணக்குகள் அதற்குச் சான்றாகும்.

சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால், 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை அனுமதிப்பார்கள். குறிப்பாணையையே எதிர்ப்பதானால் அது உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கு, குமரி மாவட்டத்துக்கு மதுரைக் கிளை.